பச்சை எழுத்தில் ஒரு ஜீவிய சரித்திரம்

என் நண்பர் ஒருவர், பள்ளித் தலைமையாசிரியர் பதவியிலிருந்து ஓய்வு பெற்றபின், தம் தந்தையாரின் ஜீவிய சரித்திரத்தை எழுதி வைத்துவிட வேண்டுமென்ற தீராத ஆசையால், கணிப்பொறி ஒன்றை வாங்கி, அறுபது வயதுக்கு மேல் தமிழ்த் தட்டச்சுப் பழகி, நாளொன்றுக்கு ஒரு பக்கம் இரண்டு பக்கமென்று ஐந்து வருஷ காலம் இடையறாமல் எழுதி வந்தார். 18 அத்தியாயங்கள் தேறின. பாகப்பிரிவினைச் சமயத்தில் உறவினருக்குள் எழுந்த மனஸ்தாபங்களும், தந்தையார் யாருக்கும் காட்டாமல் வைத்திருந்த சில கடிதங்களின் பிரதிகளும் அவற்றில் இடம்பெற்றிருந்தமையால், பேரன் பேத்திகள் முதலாக வீட்டில் எல்லாரும் புழங்கும் அந்த இயந்திரத்தில் அவை கண்டவர் கண்ணில் படலாகாது என்று கருதி, விண்டோஸ் தானே அளிக்கும் பூட்டு ஒன்றை அந்தக் கோப்புறைக்கு இட்டு வைத்தார். காலப்போக்கில் இயந்திரம் மந்தமாயிற்று. பழுது பார்க்கும் கடைக்காரரிடம் கொண்டுபோனார். அவரும், "உங்கள் டேட்டா எல்லாம் டி டிரைவில் இருக்கிறது சார், அதை நான் தொடவே மாட்டேன், சி டிரைவை மட்டும் ஃபார்மட் செய்து விண்டோஸைப் புதிதாகப் போட்டுத் தருகிறேன்" என்று சொல்லி, சொன்னபடியே செய்தும் கொடுத்தார்.

மூன்று மாதங்கள் கழித்து நண்பர் என்னைத் தொலைபேசியில் அழைத்தபோது அவர் குரலில் இருந்த கலக்கத்தை நான் இன்னும் மறக்கவில்லை. கோப்புகள் எல்லாம் இருந்த இடத்திலேயே இருக்கின்றன. பெயர்கள் பச்சை எழுத்தில் தெரிகின்றன. எழுதிய தேதியும் அளவும்கூடச் சரியாக இருக்கின்றன. ஆனால் எதைத் திறந்தாலும் அனுமதி இல்லை என்ற ஒரே பதில்தான் வருகிறது. "என் எழுத்தைப் படிக்க எனக்கே அனுமதி இல்லை என்கிறதே, இது என்ன நியாயம் சார்?" என்று அவர் கேட்டார்.

அந்தக் கேள்விக்கு விடை தெரிந்தால் சொந்தக் கணிப்பொறியில் கோப்புகளைப் பூட்டி வைப்போருக்கு நேரும் சங்கடங்களில் முக்காற்பங்கு விளங்கிவிடும் என்பது என் அபிப்பிராயம். ஆகையால் அதைச் சற்று விஸ்தாரமாகவே சொல்ல விரும்புகிறேன்.

கடைக்காரர் முதலில் செய்து பார்த்தது, அநேகமாக எல்லாரும் செய்து பார்ப்பதுதான். அந்தக் கோப்புகளின் உரிமையாளர் யார் என்ற பதிவைத் திருத்தி, புதிய கணக்கையே உரிமையாளராக்கி, சகல அதிகாரங்களையும் அதற்கு அளித்தார். பயன் ஏதும் விளையவில்லை. ஏனெனில் அனுமதி என்பது வேறு, மறையாக்கம் என்பது வேறு. திரையில் தோன்றும் வாசகம் இரண்டுக்கும் ஒன்றாக இருப்பதனால் இந்த மயக்கம் நேருகிறது. அனுமதி என்பது வாசலில் நிற்கும் காவற்காரனைப் போன்றது. இன்னார் உள்ளே போகலாம், இன்னார் போகலாகாது என்று அவன் தடுப்பான். எசமானர் உத்தரவை மாற்றினால் அவனும் வழிவிடுவான். ஆனால் காவற்காரன் நிற்பதெல்லாம் விண்டோஸ் விழித்திருக்கும் வரையில்தான். ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றி வேறோர் இயந்திரத்தில் மாட்டிவிட்டாலோ, வேறோர் இயங்குதளத்தைக் கொண்டு அதே இயந்திரத்தை எழுப்பிவிட்டாலோ அந்தக் காவற்காரனைக் கேட்பார் யாரும் இல்லை. இந்தக் குறையை உத்தேசித்தே, 2000ஆம் ஆண்டு பிப்ரவரி மாதத்தில் வெளிவந்த விண்டோஸ் 2000 என்னும் பதிப்பில், கோப்பின் உள்ளடக்கத்தையே உருத்தெரியாமல் மாற்றி எழுதிவைக்கும் ஏற்பாடு ஒன்றை மைக்ரோசாஃப்ட் நிறுவனத்தார் சேர்த்தார்கள். அதற்கு என்கிரிப்டிங் ஃபைல் சிஸ்டம் என்று பெயர், ஈ.எஃப்.எஸ். என்று சுருக்கமாக வழங்குவார்கள். வாசலில் காவல் வைப்பதற்குப் பதிலாக, வீட்டிலுள்ள ஏடுகளையெல்லாம் எவருக்கும் புரியாத எழுத்தில் மாற்றி எழுதிவைப்பதற்கு இது சமானம். காவற்காரனை விலக்கியபின் உள்ளே போனவர் கையில் கிடைப்பது ஏடுதான். ஆனால் வாசிக்க இயலாத ஏடு.

இந்த மாற்றி எழுதும் காரியம் நடைபெறும் முறையில் ஒரு நுட்பம் இருக்கிறது. நம் கோயில் உண்டியலை மனத்தில் நினைத்துக்கொண்டால் அது எளிதில் விளங்கும். உண்டியலில் காணிக்கை போடுவதற்குச் சாவி வேண்டியதில்லை. யார் வேண்டுமானாலும் மேலேயுள்ள துவாரத்தின் வழியே போடலாம். எடுப்பதற்குத்தான் சாவி வேண்டும். அது உரியவரிடம் மட்டுமே இருக்கும். போடுவதற்கு ஒன்றும் எடுப்பதற்கு வேறொன்றுமாக இப்படி இரண்டைப் பிரித்து வைக்கலாம் என்ற கருத்தை 1976இல் டிஃபி, ஹெல்மன் என்னும் இரு அமெரிக்க அறிஞர்கள் வெளியிட்டார்கள். மறுவருஷமே ரிவெஸ்ட், ஷமீர், ஏடல்மன் என்ற மூவர் அதற்கு ஒரு கணித உருவம் கொடுத்தார்கள். அவர்கள் பெயர்களின் முதலெழுத்துக்களால் ஆர்.எஸ்.ஏ. என்று வழங்கும் அம்முறையே ஈ.எஃப்.எஸ்ஸுக்கும் ஆதாரமாயிற்று. ஒரு கோப்பைப் பூட்டுமாறு நாம் சொன்னவுடன், விண்டோஸ் அந்தக் கோப்புக்கென்றே பிரத்தியேகமாக ஒரு சிறு சாவியைச் செய்து, அதனால் உள்ளடக்கத்தைப் பூட்டி, பிறகு அந்தச் சிறு சாவியை நம் பெயர் பொறித்த உண்டியலில் போட்டு, உண்டியலைக் கோப்போடேயே பிணைத்து வைக்கிறது. நேராக உண்டியல் முறையிலேயே எல்லாவற்றையும் பூட்டாமல் இப்படிச் சுற்றி வருவானேன் என்று கேட்கலாம். உண்டியல் முறைக்குக் கணக்கு வேலை அதிகம். பெரிய கோப்பு முழுவதையும் அப்படிப் பூட்டினால் காலம் மிகவும் பிடிக்கும். ஆகையால் பெரும் பண்டத்தைச் சிறு சாவியும், சிறு சாவியை உண்டியலும் காக்கின்றன.

ஆகவே, பூட்டிய கோப்பு எங்கே போனாலும் உண்டியலும் அதனோடு போகும். உண்டியலின் சாவி மட்டும் போகாது. அது எங்கே இருக்கிறது? சி டிரைவில், நம் பயனர் கணக்குக்குரிய கோப்புறைகளின் ஆழத்தில், ஆப்டேட்டா, ரோமிங், மைக்ரோசாஃப்ட் என்று இறங்கிப் போனால் வரும் கிரிப்டோ, ப்ரொடெக்ட் என்ற இரண்டு அறைகளின் பாதுகாப்பில் இருக்கிறது. முதல் அறையில் சாவி இருக்கிறது. இரண்டாவது அறையில் அந்தச் சாவியையும் மூடிக் காக்கும் மூலச் சாவி இருக்கிறது. மூலச் சாவியையோ நாம் தினந்தோறும் கணிப்பொறிக்குள் நுழையும்போது தட்டும் கடவுச்சொல் காக்கிறது. நண்பரின் கோப்புகள் டி டிரைவில் இருந்தன. அவற்றைத் திறக்கும் சாவி சி டிரைவில் இருந்தது. கடைக்காரர் கோப்புகளை மிகவும் பத்திரமாகப் பாதுகாத்து, சாவியை அழித்துவிட்டார். அதே பெயரில், அதே கடவுச்சொல்லோடு நண்பர் புதிய விண்டோஸில் கணக்கு வைத்துக்கொண்டார் என்பது உண்மையே. ஆயினும் பெயர் ஒன்றாய் இருந்தால் ஆள் ஒன்றாகிவிடுவதில்லை. ஒவ்வொரு கணக்குக்கும் விண்டோஸ் ஒரு நீண்ட அடையாள எண்ணை அளித்து அதைக்கொண்டே ஆளை அறிகிறது. புதிய விண்டோஸின் கண்ணுக்கு அவர் ஒரு புதிய மனிதர்.

அப்படியானால் பூட்டை உடைத்துவிடலாகாதா என்ற கேள்வி இயற்கையாகவே எழும். வங்கி லாக்கரின் சாவி தொலைந்துபோனால், விண்ணப்பம் எழுதிக் கொடுத்து, கட்டணமும் செலுத்தி, சாட்சிகளின் முன்னிலையில் அதை உடைத்துத் திறக்கச் செய்யலாம். இங்கே அதற்கு வழியில்லை. பழைய காலத்துப் பூட்டுகளில் ஒன்று உடைபட்டது உண்டு. 1977இல் அமெரிக்க அரசாங்கம் பிரமாணமாக ஏற்ற டெஸ் என்னும் முறையின் சாவியை, 1998இல் அதற்கென்றே கட்டிய இயந்திரம் ஒன்று மூன்று நாட்களுக்குள் தேடிக் கண்டுபிடித்துவிட்டது. அந்தச் சாவியின் நீளம் 56 பிட். ஈ.எஃப்.எஸ். தொடக்கத்தில் அந்த முறையையே பலப்படுத்திக் கையாண்டு வந்தது. 2001இல் டாமென், ரைமன் என்ற பெல்ஜிய தேசத்து அறிஞர் இருவரின் முறை ஏ.இ.எஸ். என்ற பெயரால் புதிய பிரமாணமாயிற்று. அதன்பின் விண்டோஸ் எக்ஸ்.பி.யின் முதல் திருத்தப் பதிப்பிலிருந்து ஈ.எஃப்.எஸ்ஸும் 256 பிட் நீளமுள்ள ஏ.இ.எஸ். சாவிக்கு மாறியது. அந்த நீளத்தில் எத்தனை சாவிகள் சாத்தியம் என்று எழுதப் புகுந்தால், 78 இலக்கங்கள் கொண்ட ஓர் எண் வரும். ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்துத் திறப்பது என்பது உலகத்துக் கணிப்பொறிகள் அனைத்தையும் ஒன்றுகூட்டினாலும் ஆகாத காரியம். திருடனைத் தடுப்பதற்கென்று செய்த அந்த உறுதி, சாவியைத் தொலைத்த உரியவரையும் அதே கண்டிப்போடுதான் தடுக்கும்.

ஆகையால், பூட்டிய கோப்பு திறக்கவில்லை என்று கண்டவுடன் கோப்பைச் சோதிப்பதில் பயனில்லை; அநேகமாகக் கோப்பில் பழுது ஒன்றும் இராது. எந்தச் சாவி வேண்டும், அது எங்கே இருக்கக்கூடும் என்ற இரண்டையுமே விசாரிக்க வேண்டும். முதற் கேள்விக்கு விடை சுலபமாகக் கிடைக்கும். கோப்பின் மேல் வலப்பக்கப் பொத்தானை அழுத்தி, ப்ராப்பர்டீஸ், அட்வான்ஸ்டு, டீடெயில்ஸ் என்று வரிசையாகப் போனால், இந்தக் கோப்பைத் திறக்கத்தக்கவர் இன்னார் என்ற பட்டியலும், ஒவ்வொருவர் பெயருக்கும் எதிரே நாற்பது எழுத்தும் எண்ணும் கலந்த ஒரு நீண்ட வரியும் காணப்படும். கமாண்ட் ப்ராம்ட்டில் சைஃபர் என்ற கட்டளையை, சாய்கோட்டோடு சேர்ந்த சி என்ற குறியிட்டுப் பயன்படுத்துவோருக்கும் இதே விவரம் கிடைக்கும். அந்த நாற்பதெழுத்து வரியைச் சாவிச் சான்றிதழின் கைரேகை என்று சொல்லலாம். ஆங்கிலத்திலும் அதைக் கட்டைவிரல் ரேகை என்றே பெயரிட்டிருக்கிறார்கள். நம்மிடமுள்ள சான்றிதழின் ரேகையும் கோப்பு கேட்கும் ரேகையும் ஒன்றாக இருந்தால் சாவி சரியானது. ஓரெழுத்து வேறுபட்டாலும் அது வேறு சாவி. ஒரே கோப்புறையில் சில கோப்புகள் திறக்கின்றன, சில திறக்கவில்லை என்று வியப்பவர்கள் இந்த ரேகையைப் பார்த்தால் காரணம் தெரிந்துவிடும். விண்டோஸைப் புதிதாகப் போட்டபின் எழுதிய கோப்புகளுக்கு விண்டோஸ் ஒரு புதிய சாவியைத் தானாகவே செய்துகொள்கிறது. பழையவை பழைய சாவியையே எதிர்பார்த்துக் காத்திருக்கின்றன.

இரண்டாவது கேள்விதான் கடினம். அதற்கு விடை தேடத் தொடங்குமுன் செய்ய வேண்டிய முதற்காரியம், அந்தக் கணிப்பொறியில் வேறு எந்தக் காரியமும் செய்யாமல் நிறுத்திவைப்பது. இதை எவ்வளவு அழுத்திச் சொன்னாலும் தகும். சி டிரைவை மேலெழுந்தவாரியாக ஃபார்மட் செய்த அன்றே பழைய எழுத்துக்கள் மறைந்துவிடுவதில்லை. இந்த இடம் காலி என்று அட்டவணையில் ஒரு குறிப்பு மட்டுமே விழுகிறது. அதன்மேல் புதிதாக ஏதேனும் எழுதப்படும் வரையில், பழைய கணக்கின் கிரிப்டோ, ப்ரொடெக்ட் அறைகளைத் தோண்டி எடுக்கச் சிறிதளவு நம்பிக்கை உண்டு. அவை கிடைத்து, பழைய கடவுச்சொல்லும் நினைவிலிருந்தால், அவற்றிலிருந்து சாவியை மீட்டுக் கொடுக்கும் விசேஷ மென்பொருள்கள் இருக்கின்றன. சுழலும் தட்டுள்ள பழைய ஹார்ட் டிஸ்க்குகளுக்குத்தான் இது பொருந்தும். இக்காலத்து எஸ்.எஸ்.டி.களில், அழித்த இடத்தை வட்டு தானே துப்புரவு செய்துகொள்ளும் வழக்கம் இருப்பதால், அந்த நம்பிக்கையும் விரைவில் போய்விடுகிறது. என் நண்பர் மூன்று மாத காலம் அந்த இயந்திரத்தில் படம் பார்த்தும், பேரன் விளையாட்டுகளை ஏற்றியும், புதுப்பிப்புகள் பலவற்றை இறக்கியும் இருந்தார். நாங்கள் தேடியபோது கிரிப்டோ அறையின் துண்டுகள் சில அகப்பட்டன. ப்ரொடெக்ட் அறையில் இருந்த மூலச் சாவி அகப்படவில்லை. சாவியின் பெட்டி கிடைத்து, பெட்டியின் சாவி கிடைக்காத நிலைமை. முதல் நாளே அவர் அழைத்திருந்தால் என்ற எண்ணம் என்னை நெடுநாள் வருத்திற்று.

எல்லார் நிலைமையும் அவ்வளவு மோசமாயிருப்பதில்லை. ஃபார்மட் செய்யாமல் பழைய விண்டோஸின் மேலேயே புதியதைப் போட்டிருந்தால், விண்டோஸ்.ஓல்டு என்ற கோப்புறையில் பழைய கணக்கு அப்படியே உறங்கிக் கொண்டிருக்கலாம்; இடத்தை அடைக்கிறதென்று அதை அவசரப்பட்டு நீக்கிவிடக் கூடாது. சி டிரைவின் முழுப் பிரதியை முன்னொரு காலத்தில் எடுத்து வைத்திருப்பவர் பாக்கியசாலி. அதை வேறொரு வட்டில் மீட்டு, பழைய கடவுச்சொல்லோடு நுழைந்தால் கோப்புகள் ஒன்றும் நடவாததுபோலத் திறந்துகொள்ளும். அலுவலகக் கணிப்பொறியாயின், மீட்புக்கென்றே இரண்டாவது உண்டியல் ஒன்று ஒவ்வொரு கோப்போடும் பிணைக்கப்பட்டிருக்கக்கூடும். அதன் சாவி நெட்வொர்க் நிர்வாகியிடம் இருக்கும். வேறு எங்கும் அலையாமல் முதலில் அவரையே கேட்க வேண்டும். விண்டோஸ் 2000 காலத்தில் வீட்டுக் கணிப்பொறிகளிலும் இந்த இரண்டாவது உண்டியல் தானாகவே ஏற்பட்டிருந்தது, எக்ஸ்.பி. முதல் அந்த வழக்கம் நின்றது.

இன்னொரு துன்பம் கடவுச்சொல்லால் நேருவது. கடவுச்சொல்லை மாற்றுவதும், அழித்துப் புதிதாக வைப்பதும் ஒன்றே என்று பலர் நினைக்கிறார்கள். நாமே உள்ளே நுழைந்து, பழைய சொல்லைச் சொல்லிப் புதிய சொல்லை வைத்தால், மூலச் சாவியின் பூட்டும் கூடவே மாறிக்கொள்கிறது, ஆபத்தில்லை. மறந்துபோய்விட்டதென்று, வேறொரு நிர்வாகிக் கணக்கிலிருந்தோ கடையில் வைத்திருக்கும் கருவியைக் கொண்டோ கடவுச்சொல்லைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதியதை வைத்தால், வாசற்கதவு திறக்கும், மூலச் சாவியோ பழைய சொல்லையே கேட்டுக்கொண்டிருக்கும். அப்படி மாற்றும்போது, தகவல்கள் மீளாதபடி இழக்கப்படலாம் என்று ஓர் எச்சரிக்கை தோன்றும். அவசரத்தில் அதை யார் படிக்கிறார்கள்! ஆனால் இந்தச் சங்கடத்துக்குப் பரிகாரம் உண்டு. பழைய கடவுச்சொல் பின்னால் எப்படியாவது ஞாபகத்துக்கு வந்துவிட்டால், கணக்கின் கடவுச்சொல்லை மறுபடியும் அந்தப் பழைய சொல்லாகவே மாற்றிவைத்து நுழைய வேண்டும், கோப்புகள் திறந்துவிடும். ஆகையால் கணக்கையே அழித்துவிட்டுப் புதிதாகத் தொடங்கலாம் என்ற யோசனையை மட்டும் எவர் சொன்னாலும் ஏற்கக் கூடாது.

பூட்டவே முடியவில்லை என்று குறைப்படுவோரும் உண்டு. அவர்கள் கஷ்டம் இலேசானது. ஹோம் என்று பெயருள்ள மலிவுப் பதிப்புகளில் இந்த வசதி கிடையாது. பூட்டுவதற்குரிய கட்டம் மங்கலாகத் தெரியும், அழுத்த வராது. ப்ரொஃபெஷனல் போன்ற பதிப்புகளில்தான் உண்டு. சுருக்கி வைத்த கோப்பைப் பூட்ட இயலாது, பூட்டியதைச் சுருக்க இயலாது. இரண்டில் ஒன்றைத்தான் தேர்ந்துகொள்ள வேண்டும். விண்டோஸின் சொந்தக் கோப்புகளையும் பூட்ட அது இடங்கொடுக்காது. இயந்திரம் எழும்போதே தேவைப்படுபவை அவை என்பதால் அது நியாயமே. இன்னொன்றும் இங்கே சொல்ல வேண்டும்: பச்சை நிறமோ சிறு பூட்டுச் சின்னமோ இன்றி, கோப்புகளின் பெயரே உருமாறி, பணம் கேட்கும் கடிதமொன்றும் உடன் கிடந்தால், அது நாம் போட்ட பூட்டன்று; கொள்ளைக்காரர் போட்டது. அதன் விவகாரம் முற்றிலும் வேறு.

பூட்டு எதைக் காக்கிறது என்பதைப்போலவே, எதைக் காப்பதில்லை என்பதையும் அறிந்துகொள்வது அவசியம். உரியவர் கோப்பைத் திறந்த கணத்தில் விண்டோஸ் அதைத் தெளிந்த எழுத்தாக்கித் தருகிறது. ஆகவே மின்னஞ்சலில் இணைத்து அனுப்பினால் போவது தெளிந்த எழுத்துத்தான், பூட்டு கூடப் போவதில்லை. விண்டோஸ் 7 காலத்தில், சாதாரணப் பென் டிரைவுக்குப் பிரதி எடுத்தாலும் இதே கதை. அந்த டிரைவ்கள் பெரும்பாலும் ஃபேட் என்னும் பழைய அமைப்பில் இருந்தமையால் பூட்டு கழன்று விழுந்துவிடும், அதற்கு ஓர் எச்சரிக்கையும் வரும். 2016க்குப் பின்வந்த விண்டோஸ் 10 பதிப்புகளிலோ, பூட்டு கழலாமல், கோப்பின் பெயருக்குப் பின்னால் பிஃபைல் என்று ஒரு வால் முளைத்து நிற்கும். அந்தப் பென் டிரைவை வேறு கணிப்பொறியில் செருகியவர் ஒன்றும் புரியாமல் விழிப்பார். முன்பே எழுதிய ஒரு கோப்பைத் தனியாகப் பூட்டினால், அதன் பழைய தெளிந்த எழுத்தின் சுவடு டிஸ்க்கின் காலியிடத்தில் தங்கிவிடுவதும் உண்டு. சைஃபர் கட்டளையைச் சாய்கோட்டோடு டபிள்யூ என்ற குறியிட்டு ஏவினால், அது காலியிடம் முழுவதையும் மும்முறை எழுதித் துடைத்துவிடும். இதனால்தான் கோப்பைத் தனித்தனியே பூட்டாமல், வெறும் கோப்புறை ஒன்றைப் பூட்டி, அதற்குள்ளேயே எழுதத் தொடங்குவது நல்லது என்று அறிந்தோர் சொல்கிறார்கள்.

இந்தக் கசிவுகளைக் குறையென்றே நான் எண்ணியிருந்தேன். நண்பரின் வீட்டில் உட்கார்ந்து, நம்பிக்கையிழந்து, இருவரும் ஒன்றும் பேசாமல் காப்பியைக் குடித்துக் கொண்டிருந்தபோது, முதல் எட்டு அத்தியாயங்களை ஒரு காலத்தில் டி.டி.பி. கடையில் அச்சுப் பிரதி எடுக்கப் பென் டிரைவில் கொண்டுபோனதாக அவர் தற்செயலாகச் சொன்னார். நான் காப்பியைக் கீழே வைத்துவிட்டேன். அந்தப் பென் டிரைவ் பேரனின் பள்ளிப் பையில், அறுந்த கயிறொன்றோடு கிடைத்தது. எட்டு அத்தியாயங்களும் தெளிவாகத் திறந்தன. ஒன்பதாவது முதல் பதினொன்றாவது வரையில் மூன்றை, விவரங்கள் சரிதானா என்று பார்ப்பதற்காகத் தம் தமக்கையாருக்கு மின்னஞ்சலில் அனுப்பியிருந்தார். அவையும் அவர் அனுப்பிய அஞ்சல்களில் பூட்டில்லாமல் காத்திருந்தன. இவ்வாறு 11 அத்தியாயங்கள் மீண்டன. சாவி தொலைந்தவர் எவராயினும், கோப்பு இதற்கு முன் யாரிடம், எந்த வழியாகப் போயிற்று என்று ஒரு மாலைப்பொழுது அமர்ந்து நினைத்துப் பார்த்தால் வீண் போகாது.

சாவியை வெளியே எடுத்து வைப்பது பத்து நிமிஷ வேலை. செர்ட்எம்ஜிஆர்.எம்எஸ்சி என்று ஆங்கில எழுத்தில் தட்டினால் சான்றிதழ்களின் பட்டியல் வரும். பர்சனல் என்ற பகுதியில், என்கிரிப்டிங் ஃபைல் சிஸ்டம் என்ற நோக்கம் குறிக்கப்பட்ட சான்றிதழைத் தேர்ந்து, எக்ஸ்போர்ட் என்று சொல்ல வேண்டும். அப்போது, அந்தரங்கச் சாவியையும் சேர்த்து எடுக்கலாமா என்று ஒரு கேள்வி வரும். இங்கேதான் அநேகர் தவறுகிறார்கள். வேண்டாம் என்றால் கிடைப்பது உண்டியலின் துவாரம் மட்டுமே; ஆம் என்றால்தான் உண்டியலின் சாவி கிடைக்கும். ஆம் என்று சொல்லி, ஒரு கடவுச்சொல்லும் கொடுத்தால், பி.எஃப்.எக்ஸ். என்ற வாலுள்ள ஒரு சிறு கோப்பு உண்டாகும். அதை அதே டிஸ்க்கில் வைப்பது, பெட்டிச் சாவியைப் பெட்டிக்குள் போட்டுப் பூட்டுவதற்கு ஒப்பாகும். தனியே ஒரு பென் டிரைவில் வைக்க வேண்டும். நாளைக்கு எந்தக் கணிப்பொறிக்குப் போனாலும் அந்தச் சிறு கோப்பை இருமுறை சொடுக்கி, அதன் கடவுச்சொல்லைச் சொன்னால், பழைய கோப்புகள் எல்லாம் திறக்கும். கோப்புகளை வேறு டிஸ்க்கில் பிரதி எடுத்து வைத்திருக்கிறேன், ஆகவே பயமில்லை என்று சொல்வோரிடம் நான் கேட்பது ஒன்றுதான்: அந்தப் பிரதியும் பச்சை எழுத்தில்தானே இருக்கிறது? பூட்டிய பெட்டியை இரண்டாக்கி வைத்திருக்கிறார்கள். சாவி இன்னும் ஒன்றாகவே இருக்கிறது.

முதன்முதலில் பூட்டியபோதே விண்டோஸ் இதை ஞாபகப்படுத்தத்தான் செய்கிறது. மறையாக்கச் சாவிக்குப் பிரதி எடுத்துக்கொள்ளுங்கள் என்று திரையின் மூலையில் ஒரு சீட்டுத் தோன்றும். இப்போதே, பிறகு, எப்போதும் வேண்டாம் என்று மூன்று வழிகளையும் காட்டும். நண்பரிடம் விசாரித்தபோது, "ஆமாம் சார், ஏதோ ஒன்று வந்தது; எனக்கு இங்கிலீஷ் தெரியாமலில்லை, ஆனால் அது எந்தச் சாவியைச் சொல்கிறது என்று விளங்கவில்லை; பிறகு பார்க்கலாமென்று மூடிவிட்டேன்" என்றார். உயிர்நிலையான அந்த எச்சரிக்கை, நாற்பது வருஷம் பாடம் சொல்லிக்கொடுத்த ஒருவருக்கே விளங்காத பாஷையில் இருந்தது என்பதை நினைக்கும்போது எனக்கு உண்மையாகவே துக்கமாக இருக்கிறது. கோப்புறைப் பூட்டைச் சாதாரண மக்களின் கையில் கொடுப்பவர்கள், சாவி என்றால் எது, அது எங்கே இருக்கிறது, தொலைந்தால் என்ன ஆகும் என்ற மூன்றையும் அவரவர் தாய்பாஷையில், நிதானமாக, பூட்டும் முன்னரே சொல்ல வேண்டும்.

இந்நாளில் வரும் புதிய மடிக்கணினிகளில் கோப்புறைப் பூட்டைக் காட்டிலும், வட்டு முழுவதையும் பூட்டும் ஏற்பாடே அதிகம் வழங்குகிறது. பிட்லாக்கர் என்று அதற்குப் பெயர். விண்டோஸ் விஸ்டா காலத்திலிருந்து இருந்து வருகிறது. இப்போது பல இயந்திரங்களில் உரியவர் அறியாமலேயே அந்தப் பூட்டு இடப்பட்டு வருகிறது. தாய்ப்பலகையை மாற்றினாலோ, அதன் அடிப்படை மென்பொருளைப் புதுப்பித்தாலோ, ஒரு நாள் நீலத்திரை தோன்றி, ஆறாறு இலக்கமாக எட்டுக் கூட்டங்கள், மொத்தம் 48 இலக்கம் கொண்ட மீட்பு எண்ணைக் கேட்கும். பெரும்பாலோருக்கு அது அவர்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கிலே சேமித்து வைக்கப்பட்டிருக்கும். செல்பேசியிலிருந்தே நுழைந்து பார்த்துக்கொள்ளலாம். புது மடிக்கணினி வாங்கியிருப்பவர்கள் அது அங்கே இருக்கிறதா என்று இன்றே பார்த்து, ஒரு தாளில் எழுதி, நிலப் பத்திரத்தோடு வைத்துக்கொள்ளும்படி மிகவும் வேண்டிக்கொள்கிறேன்.

நண்பர் இப்போது புதிய சாவிக்கு இரண்டு பிரதிகள் வைத்திருக்கிறார். ஒன்று பீரோவில், வீட்டுப் பத்திரத்தின் உறையில் இருக்கிறது. மற்றொன்று வெளியூரில் மகள் வீட்டில் இருக்கிறது. அதன் கடவுச்சொல்லை மகளுக்கு வாய்மொழியாகச் சொல்லி, மூன்று முறை திருப்பிச் சொல்லச் செய்தார். திறக்காத ஏழு அத்தியாயங்களை அழிக்க அவருக்கு மனம் வரவில்லை. அந்த டிஸ்க்கைக் கழற்றி, துணியில் சுற்றி, தந்தையாரின் மூக்குக்கண்ணாடிக் கூட்டுக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறார். அடுத்த தை மாதத்தில் பன்னிரண்டாம் அத்தியாயத்தை மறுபடி எழுதத் தொடங்கினார். சென்ற முறை எழுதியதைப் போல இல்லையென்றும், சில இடங்களில் அப்பாவின் குரல் முன்னைவிடத் தெளிவாகக் கேட்கிறதென்றும், சில இடங்களில் ஒரு சொல் நாவிலிருந்து நழுவிவிட்டதென்றும் எனக்கு எழுதியிருந்தார்.